விட்டுவிட்டு எரிந்த விளக்கு

"அந்தம்மாதான் தொட்டுச்சு."

எங்கள் மில் மாஸ்டர் இப்படிச் சொன்னபோது நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சின்ன முதலாளி மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். நடுவில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அந்த மெமரி போர்டைக் கிடத்தியிருந்தார்கள். அதை ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்குள்ளிருந்து இழுத்தது மாஸ்டரின் வலது கை. என் தோளுக்கு மேலே நீண்டு வந்த கை. அந்த மணிக்கட்டில் கட்டியிருந்த சாமிக் கயிறு என் காதில் உரசியதுகூட எனக்குத் தெரியும். இருந்தும் அவர் அப்படித்தான் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்துக்கொண்டு நின்றால், காலை எடுங்கள் என்று சொல்ல வாய் வராமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை அப்படியே வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். ரோட்டில் எல்லாரோடும் சத்தம் போட்டே பிழைக்கிற மனுஷன். "ஒன்னைய மாதிரி நான் இருந்தா வண்டி இன்னும் முக்குலயே நிக்கும்" என்பார். உண்மைதான்.

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தேன். என்னைப் போட்டது கோன் வைண்டிங்கில். சின்னக் குழல்களில் வருகிற நூலைப் பெரிய கூம்பாகச் சுற்றுகிற இடம் அது. ஒரு மிஷினில் வரிசையாக டிரம்கள் இருக்கும். ஒவ்வொரு டிரம்முக்கு மேலேயும் ஒரு சிவப்பு விளக்கு. நூல் அறுந்தால் மிஷினே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதனால் முடியாமல் போனால் விளக்கு விட்டுவிட்டு எரியும். உடனே ஓடிப்போய்க் கையை விட்டுச் சரி செய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் ஷெட்டில் சொல்லித் தருகிற முதல் பாடமே இதுதான்: விளக்கு கூப்பிட்டால் கை போகணும். யோசிக்கக் கூடாது. யோசிக்கிற நேரத்தில் நூல் போய்விடும்.

இது உடம்பில் ஊறிவிடும். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது முன்னால் போகிற காரின் இண்டிகேட்டர் மினுக்கினால், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருக்கிற வைண்டிங் பெண்களின் விரல்கள் மடியில் அசையும். நான் பார்த்திருக்கிறேன். என் விரலும் அசைந்திருக்கிறது.

மாஸ்டரும் அந்த ஷெட்டில் வளர்ந்தவர்தான். வைண்டிங்கில் ஆளாகச் சேர்ந்து, ஜாபர் என்கிற மேஸ்திரியாகி, படிப்படியாக மேலே வந்து இப்போது மில்லுக்கே பொறுப்பு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்து போவார். எங்கேயாவது ஒரு விளக்கு எரிந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே கை அதன் பாட்டுக்குப் போய் நூலை எடுத்து விட்டுவிட்டு வரும். பேச்சு நிற்காது. அதை நாங்கள் எல்லாரும் மதிப்போடுதான் பார்த்தோம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பல வருஷம் பஞ்சுத் தூசியைக் குடித்ததில் என் நெஞ்சு கெட்டுப்போனது. இருமினால் நிற்காது. படுத்தால் மூச்சு முட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயில் வைத்து இழுக்கிற மருந்தைக் கொடுத்துவிட்டு, "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும்மா. அந்தத் தூசிய விட்டு வெளிய வந்தாத்தான் நீ மூச்சு விடலாம்" என்றார். வெளியே வந்து எங்கே போக? அந்த நேரத்தில் மில்லில் சர்வர் ரூம் என்று ஒன்று போட்டார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, தூசி இல்லை. அதைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஏசி ஓடுகிறதா, விளக்குகள் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெரிய முதலாளி, என் இருமலைக் கேட்டுக் கேட்டு அலுத்தோ என்னவோ, என்னை அங்கே மாற்றினார்.

வீட்டுக்காரர் சிரித்தார். "வெளக்கப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு ஒரு வேலையா? எனக்கும் கேளு, நான் சிக்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

சிரிக்கட்டும். அங்கே போன சில மாதத்தில் நான் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். அந்த ரூம் எனக்கு வேலை இல்லை, மூச்சு. இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

அந்த கம்ப்யூட்டர் ஒரு பழைய பெரிய மிஷின். எங்கோ ஒரு ஆபீஸில் ஓடியதை வாங்கி வந்திருந்தார்கள். ஷெட்டில் எந்த டிரம் எத்தனை தரம் அறுந்தது, எந்தக் கூம்பு எந்த லாட்டில், எந்தத் தொகுப்பில் சேர்ந்தது என்பதெல்லாம் அதற்குள்தான் போகும். எங்கள் நூலில் ஒரு பகுதி காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிறவர்களுக்குப் போகிறது. அவர்களுக்கு நூலோடு அதன் முழு ஜாதகமும் வேண்டும். ஜாதகம் இல்லாத நூலைத் தொட மாட்டார்கள்.

மிஷினைப் பராமரிக்கிறவர் மதுரையிலிருந்து வருகிற ஒரு இன்ஜினியர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மெமரி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியதை முகத்தில் பார்த்து அவராகவே சொன்னார்.

"டிஸ்க்குங்கிறது உங்க குடோன்க்கா. மெமரிங்கிறது ஓடுற மிஷின்ல மாட்டியிருக்கிற பஞ்சு. குடோன்ல இருக்கிறது கரண்ட் போனாலும் இருக்கும். மிஷின்ல பாதி நூலாகி நிக்கிறது போனா போனதுதான்."

அந்த மெமரியைத் தாங்குகிற போர்டுகளை மிஷின் ஓடும்போதே கழற்றலாம், மாட்டலாம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓடுகிற மிஷினிலிருந்து பஞ்சை எடுத்தால் நூல் அறுந்துதானே போகும்?

"நீங்க ஊர்ல வளவு வீட்டுல இருந்திருக்கீங்களா?"

"இப்பவும் அதுலதான் இருக்கோம்." ஒரே வாசல், உள்ளே வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு குழாய்.

"சரி. அதுல ஒரு வீட்ட இடிச்சுக் கட்டணும். வீட்டு ஓனர் என்ன செய்வார்?"

"காலி பண்ணச் சொல்லுவாரு."

"சொன்ன உடனே போயிருவாங்களா?"

"எங்க போக? நாங்க போகமாட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். "மிஷின் உங்க வீட்டு ஓனர விட நல்லவன்க்கா. முதல்ல அந்த வீட்டுக்குப் புதுசா யாரும் வராம கதவச் சாத்தும். பொறவு உள்ள இருக்கிற ஒவ்வொருத்தரையா பக்கத்துல காலியா இருக்கிற இடத்துக்குச் சாமானோட மாத்தும். மாத்துனா மட்டும் பத்தாது. புது விலாசத்த எல்லாருக்கும் சொல்லணும். இல்லேன்னா பால்காரர் பழைய வாசல்ல பால ஊத்திட்டுப் போயிருவார். இதெல்லாம் முடிஞ்சு வீடு சுத்தமா காலின்னு தெரிஞ்ச பொறவுதான் கரண்ட்டைப் பிடுங்கும்."

"நகரமாட்டேன்னு யாராச்சும் உக்காந்துக்கிட்டா?"

"உக்காருவாங்க. வீட்டு ஓனரோட அம்மா மாதிரி சிலது இருக்கு. மிஷினோட சொந்தச் சாமான். அதெல்லாம் எடத்த விட்டு நகராது. அப்பிடி ஒண்ணு உள்ள இருந்தா, முடியாதுன்னு மிஷின் சொல்லிரும். நாமளும் சரின்னு விட்டுறணும். அதுக்குத்தான் கழட்டுற மாதிரி இருக்கிற போர்டுல அந்தம்மாவ முதல்லயே குடி வைக்காம ஒதுக்கி வச்சிருக்கேன். நகரக்கூடியவங்களுக்கு மட்டும்தான் அங்க எடம்."

விளக்கையும் காட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு போர்டுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தானும் ஒரு பச்சை விளக்கும் உண்டு. பச்சை நின்று எரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் விட்டுவிட்டு எரியும். குடி மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுத்தமாக அணைந்தால் எடுக்கலாம். மறுபடியும் நின்று எரிய ஆரம்பித்தால் முடியாது என்று பதில் வந்துவிட்டது.

"விட்டுவிட்டு எரியும்போது மட்டும் கை வைக்கக் கூடாதுக்கா. அதுதான் ரொம்ப மோசமான நேரம். பாதிப் பேர் இங்க, பாதிப் பேர் அங்க."

எனக்கு அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஆட்டோ மிஷின் புதிதாக வந்தபோது எங்கள் பகுதியில் ஒரு வரிசைப் பெண்களை நிறுத்தினார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே போனவர்களிடம் மறுநாள் காலையில் கேட்டில் வைத்துத்தான் சொன்னார்கள், இனி வர வேண்டாம் என்று. ஒருத்திக்கு டிபன் பாக்ஸ் உள்ளே. இன்னொருத்திக்கு மாற்றுச் சேலை உள்ளே. எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவள் வாட்ச்மேனிடம் கெஞ்சியதைப் பார்த்துக்கொண்டே நான் உள்ளே போனேன். ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற கணக்குக்குக் காட்டுகிற மரியாதையை யாரோ எங்கோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலை இன்ஜினியரிடம் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார், பாவம்.

ஒரு நாள் ஒரு போர்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. போனில் சொன்னேன். அவர் மதுரையிலிருந்தே மிஷினுக்குள் பார்த்துவிட்டு, அந்த போர்டு அடிக்கடி தப்பு விடுகிறது, மிஷின் இப்போதைக்குத் திருத்திக்கொள்கிறது, ஆனால் மாற்றியாக வேண்டும் என்றார். அவசரம் இல்லை, மாதாந்திர மின்தடை அன்றைக்கு நேரில் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நிதானமாக மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். நான் அப்படியே மாஸ்டரிடம் சொன்னேன்.

"நிறுத்துறதா?" என்றார் மாஸ்டர். "எம் மில்லுல எதும் நிக்காது. ஓடும்போதே கழட்டலாம்னுதானே அம்புட்டு வெல கொடுத்து வாங்குனது?"

"அவுக வந்தாத்தான் நல்லது சார்."

"பொத்தான அமுக்குறதுக்கு மதுரையில இருந்து ஒரு ஆளா? போன்ல சொல்லச் சொல்லு. நீ அமுக்கு. நான் பக்கத்துல இருக்கேன்."

காயத்துணி நூல் லாட் ஓடிக்கொண்டிருந்த பகல் நேரம் அது. அந்த லாட் முடியும் வரையாவது காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. இன்ஜினியருக்கும் இஷ்டமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் மாஸ்டர் வற்புறுத்தியதால், "அக்கா, போனக் காதுலயே வைங்க. நான் சொல்றத மட்டும் செய்ங்க" என்றார்.

அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது.

"குடி மாறுது. பொறுங்க. பாதி போயிருச்சு. கொஞ்சம் மெதுவாத்தான் போகும், லோடு இருக்குல்ல. அணையட்டும்."

"பொறுக்கணுமாம் சார்" என்றேன் திரும்பாமலே. என் குரல் சின்னதுதான். ஆனால் அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். ஏசி சத்தத்துக்கு மேல் கேட்கிற தூரம்தான்.

அப்போதுதான் அந்தக் கை வந்தது. சாமிக் கயிறு காதில் உரசியது. போர்டைப் பூட்டியிருக்கிற நெம்புகோலைத் தூக்கி, போர்டைப் பிடித்து, ஒரே இழுப்பு. டிரம்மில் சிக்கின நூலை எடுக்கிற அதே வேகம், அதே சுத்தம். மிஷினின் விசிறிகள் எல்லாம் ஒரேயடியாக உறுமின. திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் அப்படியே நின்றுவிட்டன.

"அக்கா?" என்றது போன். "அக்கா, என்ன ஆச்சு? எடுத்துட்டீங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில், அதை யார் தன் கையில் கொடுத்தது என்பது போல ஒரு குழப்பம். பிறகு அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

மிஷினை மறுபடி எழுப்பியபோது அன்றைய ஷிப்டில் பாதி நூலாகி நின்ற கணக்கு எதுவும் இல்லை. நூல் இருக்கிறது, ஜாதகம் இல்லை. காயத்துணிக்குப் போக வேண்டிய கூம்புகள் சாதாரண நூலாக வேறு பக்கம் போயின. இது சின்ன முதலாளி காதுக்குப் போனது. மேஜைமேல் செய்தித்தாள் விரிக்கப்பட்டது.

"அந்தம்மாதான் தொட்டுச்சு."

நான் பேசாமல் இருந்துவிட்டேன் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். இல்லை. பேசினேன்.

"நான் பொத்தான அமுக்குனேன். போர்ட எடுக்கல" என்றேன்.

"அப்ப யாரு எடுத்தா?" என்றார் சின்ன முதலாளி.

"சார்தான்."

மாஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சிரித்தார். "இத்தன வருஷமா ஓடுற மிஷினுக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி. எங்க விடணும், எங்க விடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? பயத்துல ஒளறுது. விடுங்க."

இன்ஜினியரைப் போனில் கேட்டார்கள். காலியாகும் முன்பே போர்டு உருவப்பட்டிருக்கிறது என்று மிஷினுக்குள் பதிவாகியிருக்கிறது, அக்கா என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தாங்க என்றார். உருவினது யாருடைய கை என்று மிஷினுக்குத் தெரியாதே. "போன ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மறு கையில இழுக்க முடியாதா என்ன?" என்று மாஸ்டர் சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்துபோனது.

அவர் பொய் சொன்னார் என்றால் நான் இவ்வளவு பொருமியிருக்க மாட்டேன். பொய் சொல்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. இவர் பொய் சொல்லவில்லை. தன் கை அதைச் செய்ததே அவருக்குத் தெரியாது. போர்டை நான் எடுத்துக் கையில் கொடுத்ததாகத்தான் அவர் நினைப்பு. விளக்கு மினுக்கியது, கை போயிற்று. மூளைக்குச் செய்தியே போகவில்லை. தனக்குத் தெரியவில்லை என்பதால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. எனக்குத் தெரிந்தது ஒளறல் ஆகிவிடுகிறது. என்ன நியாயம் இது? அவர் கைக்கு இருக்கிற மதிப்பு என் கண்ணுக்கு இல்லையா?

மறுநாள் காலையில் என்னைத் திரும்பவும் வைண்டிங்குக்குப் போகச் சொன்னார்கள். கேட்டில் வைத்துத்தான் சொன்னார்கள். சர்வர் ரூமில் என் தண்ணீர் பாட்டிலும் இழுக்கிற மருந்தும் இருந்தன. அதை எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு வாட்ச்மேன், "மதியம் யாராச்சும் கொண்டாந்து தருவாக, நீங்க உள்ள போங்க" என்றார். மதியம் வரைக்கும் மருந்து இல்லாமல் தூசிக்குள் நின்றேன். அந்தச் சேலைக்காரி அன்றைக்குக் கெஞ்சியது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

வைண்டிங்கில் என் பழைய கூட்டாளி ஒருத்தி இருந்தாள். தெலுங்கு பேசுகிற வீடு. என்னைப் பார்த்ததும், "ஏமக்கா, ஏசி ஒத்துக்கலையா?" என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். நான் இருமுவதைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டு ஒரு துணியை நனைத்துக் கொண்டுவந்து என் மூக்கில் கட்டினாள்.

"நீ எடுக்கலேன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"நீ இங்க இருக்கும்போதே ரெண்டு தரம் யோசிச்சுட்டுத்தான் கையே விடுவ. எம்புட்டு ஏச்சு வாங்கியிருக்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது.

சில வாரங்கள் போயின. இரவில் திரும்பவும் தலையணை மேல் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டே தூங்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் கிண்டல் எல்லாம் நின்றுவிட்டது. ஒரு விடியற்காலையில், "வேலைய விட்டுரு. நான் ஒரு நடை கூட ஓட்டுறேன்" என்றார்.

"விட்டா, நாந்தான் எடுத்தேன்னு ஆயிரும்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எம்புட்டு நாளா இந்த வாய வச்சிருந்த நீ?"

பிறகு புது போர்டு வந்தது. இந்தத் தடவை இன்ஜினியர் போன் வேலை எல்லாம் வேண்டாம் என்று தானே வந்துவிட்டார். வந்ததும் என்னைக் கேட்டிருக்கிறார். வைண்டிங்கில் என்றார்களாம். "அவங்களக் கூப்பிடுங்க. இந்த ரூமப் பத்தி ரெண்டு விஷயம் கேக்கணும்" என்று சொல்லி ஆள் அனுப்பினார். நான் போனேன். தலையிலும் சேலையிலும் பஞ்சு. அப்படியே உள்ளே வரக் கூடாது என்று எனக்கே தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

உள்ளே இன்ஜினியர், சின்ன முதலாளி, மாஸ்டர். இன்ஜினியர் போர்டை உள்ளே தள்ளிக்கொண்டே சின்ன முதலாளிக்கு விளக்கினார். மாட்டுவதற்கும் முறை உண்டு, கட்டின உடனே புது வீட்டில் ஆளைக் குடி வைத்துவிடக் கூடாது, முதலில் இத்தனை வீடு வந்திருக்கிறது என்று மிஷின் கணக்கெடுத்து விலாசம் போட வேண்டும், கூரை ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும், அதுவரை விளக்கு விட்டுவிட்டு எரியும், அதற்குள் யாரும் தொடக் கூடாது என்று. மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "அதான, அதான. பொறுமை வேணும்" என்று அவரும் சொன்னார்.

இன்ஜினியர் பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

மாஸ்டர் சின்ன முதலாளி பக்கம் முகத்தைத் திருப்பி, அடுத்த மாதம் வரப்போகிற பஞ்சு பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை கிளம்பியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமிக் கயிற்றோடு, அதன் பாட்டுக்கு, நேராக நெம்புகோலுக்குப் போனது. பேச்சு நிற்கவில்லை.

இன்ஜினியர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"சார். கை."

மாஸ்டர் குனிந்து தன் கையைப் பார்த்தார். இன்னொருவருடைய கையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். சின்ன முதலாளி அந்தக் கையைப் பார்த்தார், பிறகு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்கு வெளியே பஞ்சும் மூக்குத்துணியுமாக நின்ற என்னைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு அதுபாட்டுக்கு மினுக்கி முடித்து, நின்று எரிந்தது. இன்ஜினியர் பிடியை விட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேன். அதைத் திரும்பவும் எழுதத் தோன்றுகிறது. என்னை நிறுத்தி விசாரித்தபோது மூன்று பேருக்கும் வாய் இருந்தது. பழி என் தலையிலிருந்து இறங்குகிற நேரத்தில் ஒருவருக்கும் வாய் இல்லை. சின்ன முதலாளி செல்போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்ஜினியர் மட்டும் வெளியே வந்து, "ரூம் ஏசி இப்ப சரியா ஓடுதாக்கா?" என்று கேட்டார். அதை அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. என்னைக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே என்று கேட்டார். நான் இருமிக்கொண்டே தலையாட்டிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் மாஸ்டரே வைண்டிங்குக்கு வந்தார். ஷிப்ட் நடுவில். என் மிஷின் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது, காயத்துணி லாட்.

"இந்தாம்மா, ரூமுக்கு வா. இனி அங்கதான்" என்றார்.

எதற்காக நான் அத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேனோ அது வந்துவிட்டது. ஓடியிருக்க வேண்டும். என் கால் நகரவில்லை.

"மிஷின் ஓடிக்கிட்டு இருக்கு சார்."

"இருக்கட்டும். யாராச்சும் பாத்துக்கிடுவாக. வா."

"யாராச்சும்னா யாரு சார்? ஆளு வரட்டும். எந்த டிரம்முல என்ன ஓடுதுன்னு சொல்லிக் கொடுத்துட்டு, என் சாமான எடுத்துக்கிட்டு வாரேன். செத்த நேரம் நில்லுங்க."

என் தெலுங்குக் கூட்டாளி அடுத்த வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி அவளும் கேட்டதில்லை. மாஸ்டர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பிறகு மாற்று ஆளைக் கூட்டி வரச் சொல்லி ஒருவரை அனுப்பிவிட்டு, அங்கேயே நின்றார்.

"சின்ன முதலாளிகிட்டச் சொல்லிட்டீகளா, யாரு எடுத்ததுன்னு?" என்றேன். நூலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க இன்னும் எனக்கு வராது.

"அதான் அவரே பாத்தாருல்ல."

"பாத்தது அவரு. சொல்ல வேண்டியது நீங்க."

பறக்கிற பஞ்சு அவர் வெள்ளைச் சட்டையில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தட்டிவிடவில்லை. மாற்று ஆள் வரத் தாமதமானது. அவர் ஒருமுறை இருமினார்.

"சாயங்காலம் ஆபீசுக்கு வா" என்றார் கடைசியில். "ஒன்னைய வச்சுக்கிட்டே சொல்லுதேன்."

சொன்னார். அவர் சொன்ன வார்த்தையில் பாதி, 'தெரியாம' என்றும் 'பழக்கத்துல' என்றும்தான் இருந்தது. எனக்கு அது போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. ஆனால் சொன்னார். அன்றிலிருந்து அந்த ரூமில்தான் இருக்கிறேன். மல்லாந்து படுத்துத்தான் தூங்குகிறேன்.

அதற்கு முன்னால், அங்கே ஷெட்டில் நாங்கள் இரண்டு பேரும் மாற்று ஆளுக்காக நின்றுகொண்டிருந்தபோது, எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த டிரம்மில் நூல் அறுந்து சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இரண்டு பேர் கையும் கிளம்பின. அவர் கை பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார்.

"எடுங்க சார்" என்றேன். "இங்க எடுக்கலாம்."